காட்சி யாழும் கேள்வி யாழும்

பேராதனையிலிருந்து கொழும்பு வீதியிற் சில கல் தொலைவிலுள்ள பிலிமத்தலாவையிற் பித்தளைப் பொருட்கடைகள் வீதியோரமாக நிரைத்து நிற்கின்றன. குத்துவிளக்கு வாங்க வந்தவர் அதன் வேலைப்பாட்டைப் பார்க்கிறார். மணி வாங்க வந்தவரோ அடித்துப் பார்த்த பின்னரே விலை பேசுகிறார். ஒலிக்கெனச் செய்த பொருளை ஒலிகொண்டே மதிக்கும் இவ்வெளிய வழக்கம், இசைவிழா மண்டபங்களிற் கைவினைஞர்தம் நரம்புக்கருவிகள் காட்சிக்கு வைக்கப்படும்போது மறக்கப்பட்டுவிடுகின்றது. யாளித் தலையையும் செதுக்கு வேலையையும் வியந்து நாம் அப்பாற் செல்கிறோம்.

இத்தகைய காட்சிகளுள் நமக்கு மிக நெருங்கியது, 1947 யூன் மாதத்தில் அன்றைய தஞ்சை மாவட்டத்துத் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் நிகழ்ந்த 'யாழ் நூல்' அரங்கேற்றமாகும். இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகிய விபுலாநந்த அடிகளின் ஆய்வுவழி அமைந்த முளரியாழ், சுருதி வீணை, பாரிசாத வீணை, சதுர்த்தண்டி வீணை என்பன அங்கு ஊர்வலமாக எடுத்துச் செல்லப்பட்டன. வீணைக் கலைஞர் க. பொ. சிவானந்தம் பிள்ளை யாழிசைத்தார். ஒரு நூலின் அரங்கேற்றத்திற்குக் கருவிகளே சான்றாக வந்தமை ஈண்டு நோக்கற்பாலது. ஆயினும் அந்நான்கினுள் மூன்று வீணையெனப் பெயர் பூண்டவை. யாழை மீட்டிய விரல்களும் வீணையிற் பழகியவை. இதனைக் குறையாகக் கூறவில்லை. மரபு அறுந்துபோன பின் வேறு யாரைத் தேடுவது?

அடிகள் யாழை மீட்டுத் தந்தார் என்று விழாமேடைகளில் ஆண்டுதோறும் கேட்கிறோம். அவர் மீட்டது யாழின் இலக்கணத்தை. பொருநராற்றுப்படை விரித்துரைக்கும் பத்தர், போர்வை, கோடு, திவவு ஆகிய உறுப்புகளைச் சொல்லளவில் விளக்குவது ஒன்று. மரத்திலும் தோலிலும் அவற்றை இணைத்து நிற்கச் செய்வது பிறிதொன்று. வில்போல் வளைந்த கோடு நரம்புகள் அனைத்தின் இழுவையையும் தாங்க வேண்டும். ஒரு நரம்பை முறுக்கினாற் கோடு சிறிது வளைந்து, முன்னர்ச் சுருதி கூட்டிய நரம்புகள் இளகிவிடும். ஈரக்காற்றிற் போர்வைத் தோலும் நெகிழும். நரம்பின் நீளத்தைக் கணக்குத் தரும். கோட்டின் பருமனைத் தச்சனின் கையே தீர்மானிக்க வேண்டும். கருவிகளைச் செய்வித்துக் காட்ட வேண்டுமென்று அடிகள் எண்ணியதற்கு இதுவே காரணமாதல் கூடும். அரங்கேற்றம் நிகழ்ந்த அடுத்த மாதமே அவர் மறைந்தார். நூலைப் போற்றிவந்த நாம் கருவியைக் கைவிட்டோம். 'யாழ் நூல்' பற்றி நான் கேட்ட சொற்பொழிவுகள் பலவற்றுள் ஒன்றிலேனும் அக்கருவிகளைச் செய்த தச்சர் பற்றி ஒரு சொல் வந்ததில்லை.

வீணையின் நிலை வேறு. தஞ்சையிற் பலாமரத்தைக் குடைந்து குடம் எடுப்போரும், மெழுகிலே 24 மெட்டுகளைப் பதித்து மேளங்கட்டுவோரும் இன்றும் உளர். மேளங்கட்டுவதற்கு அளவுகோல் போதாது. மெட்டுக்கு மெட்டு மீட்டிக் கேட்டே இடம் குறிக்க வேண்டும். 2013இல் தஞ்சாவூர் வீணை புவிசார் குறியீடு பெற்றது. பெயருக்குக் காப்புக் கிடைத்ததில் மகிழ்ச்சியே. ஆனால் காட்சிக்கூடத்திலே செதுக்கு வேலைதான் கண்ணிற் படுகின்றது. மேளங்கட்டியவரின் செவித்திறன் அங்கே எவ்வாறு புலப்படும்? வீணையையும் யாழையும் ஊமையாக நிறுத்திவைக்கும் காட்சி, அவற்றைச் செய்தவரைச் சிற்பியாக மட்டும் அறிமுகஞ்செய்கின்றது. அது பாராட்டுப் போலத் தோன்றினும் அவர் தொழிலின் பாதியை மறைப்பதாகும்.

அண்மை ஆண்டுகளிற் சென்னையில் தருண் சேகர் என்னும் இளைஞர் யாழைத் தம் கையாற் செய்து, அதனை இசைத்துப் பாடலும் வெளியிட்டுள்ளார். பழந்தமிழர் கேட்ட ஒலி இதுவேயென்று சாதிக்க இயலாது. நம் இசையறிஞர் சிலர் மறுக்கவுங்கூடும். மறுப்பதற்கேனும் இப்போது ஓர் ஒலி இருக்கின்றது.