குறிஞ்சிப்பாட்டின் பூ நிரல்

நீலகிரியில் பயிலும் மாணவர்க்குக் குறிஞ்சிப்பாட்டைக் கற்பிக்கப் புகின், அவர்தம் முதல் வினா, ‘இந்த 99 பூக்களுள் நம் மலையில் உள்ளவை யாவை?’ என்பதே. வினா இயல்பானது, ஆயின் விடை தேடும் முயற்சியிலேயே பாட்டின்பம் நழுவிவிடுகிறது. அப்பகுதியை வெறும் பெயரடுக்கெனக் கருதி விரைந்து கடப்பாரும் உளர். பழந்தமிழரின் தாவர அறிவுக்குச் சான்றெனப் போற்றுவாரும் உளர். ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழ் அறிவித்தற்குக் கபிலர் பாடியது என்னும் பழங்குறிப்பைப் பின்னவர் துணைக்கொள்வர். அங்குத் தமிழ் என்றது அகப்பொருள் நெறியை. பூப்பெயர்ப் பட்டியலை அன்று. பேசுவார் யார், எதன்பொருட்டுப் பேசுகின்றார் என்பதை இரு சாராருமே நோக்கவில்லை.

மலையின் தாவரக் கணக்கே கபிலர் கருத்தாயின், கடற்கரை மணலில் படரும் அடும்பும், நெய்தல் நிலத்துத் தாழையும் ஞாழலும் இங்கு இடம்பெறற்குக் காரணம் யாது? முல்லையும் மருதமும் உடன் வருகின்றன. பருவம் வேறுபட்டு மலர்வன ஒருநாளில் மலர்கின்றன. இத்தகையதொரு சாரலை 2,200 மீட்டருக்கு மேல் நிற்கும் உதகையில் மட்டுமன்று, எம்மலையிலும் காண்டல் அரிது.

உண்மையான கணக்கு எத்தகையது என்பதைச் சென்னை மாநிலக் கல்லூரித் தாவரவியற் பேராசிரியராயிருந்த ஃபைசன், நீலகிரி, பழனி மலையுச்சிகளின் தாவரங்களைப் பற்றி 1915 முதல் 1920 வரை வெளியிட்ட நூலிற் காணலாம். அதனை நாடுவோன் கையில் ஒரு கிளையோடு வருகின்றான், குடும்பம், இனம் என ஒவ்வொன்றாகத் தள்ளி ஒரு பெயரை அடைகின்றான், ஏனையவற்றை விட்டுவிடுகின்றான். (மழைநாளில் அந்நூலைத் தேவையின்றியே புரட்டுதலும் ஓரின்பந்தான், அது வேறு.) கபிலரின் நிரலிலோ விடத்தக்கது ஒன்றுமில்லை. 261 அடிகளுள் எட்டில் ஒரு பங்குக்கும் மேல் அதற்கே சென்றது. 99 என்னும் தொகையைப் பாட்டு யாண்டும் கூறவில்லை. எண்ணிக் கண்டவர் படித்தோரே. நிரலைக் கண்டதும் எண்ணத் தொடங்கும் மனித இயல்புக்கு இதனினும் நல்ல சான்று வேண்டா.

இனிப் பேசுவாரை நோக்குவோம். பாட்டு முழுவதும் தோழி செவிலிக்கு அறத்தொடு நிற்கும் கூற்று. மகளின் மெலிவுக்குக் காரணம் அறியாது கலங்கும் தாயிடம், அவள் ஒருவனைக் கூடினாள் என்று சொல்லியாக வேண்டும். தினைப்புனம் காத்தோம், கிளி கடிந்தோம், அருவியாடினோம் என்று தொடங்கிய தோழி, அவன் வந்த இடத்தை நெருங்குங்கால் பூக்களை எண்ணத் தொடங்குகின்றாள். ஒரு பெயருக்குப் பின் இன்னொரு பெயர். ஒவ்வொன்றும் சொல்லவேண்டிய சொல்லைச் சற்றே தள்ளிவைக்கின்றது. கேட்கும் தாயோ, மகளிர் குற்றமற்று விளையாடிய ஒரு நாளைக் கண்முன் காண்கின்றாள். பூவெல்லாம் பாறையில் குவிந்து, தழையும் கண்ணியும் புனைந்து, மகளிர் அசோகின் நிழலில் அமர்ந்த பின்னரே நாய் சூழ அவன் தோன்றுகின்றான். அஞ்சிய உள்ளம் நிரலில் ஒதுங்குதல் நாமெல்லாம் அறிந்ததே.

இனி, இந்நிரல் ஒரே சீராய் நடப்பதும் அன்று. சில பூக்கள் நீண்ட அடைபெறும்; சில பெயரளவில் நிற்கும். குறிஞ்சியின் நிலை வியப்பிற்குரியது. 12 ஆண்டுக்கு ஒருமுறை பூத்து மலைச்சரிவை நீலமாக்குவது அது. திணைக்கும் பாட்டுக்கும் பெயர் தந்ததும் அதுவே. அத்தகைய பூ, குவளைக்கும் வெட்சிக்கும் இடையே, ஓர் அடைமொழியும் இன்றி ஐந்தாவதாக வந்து மறைகின்றது. தேயிலைக்கு இடந்தந்து குறிஞ்சிப்புதர் சுருங்கிய இம்மலையில் வாழும் நமக்கு அஃது ஏமாற்றமாகத் தோன்றலாம். தோழிக்கோ அது கைக்கெட்டிய பூக்களுள் ஒன்று. நெய்தல் இருமுறை வருகின்றது. தாழையைச் சொன்னவள் கைதையையும் சொல்கின்றாள், கைதையும் தாழையே என அகராதிகள் கூறும். பட்டியல் எழுதுவோன் மீளப் படித்து இவற்றை அடித்திருப்பான்.