மாதம் ஒரு கடிதம்: 'டாடி லாங் லெக்ஸ்' நாவலை மறுபடி படித்தபோது

கல்லூரி முடித்த கையோடு இரண்டு வருஷம் தென் மாவட்டம் ஒன்றில் தொண்டு நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தேன். பிள்ளைகள் தங்கள் ஸ்பான்சர்களுக்குத் தமிழில் எழுதும் கடிதங்களை ஆங்கிலத்துக்கு மாற்றுவது என் வேலை. மாதக் கடைசியில் கட்டுக் கட்டாக வரும். "நான் நலம். நீங்கள் நலமா? நான் நன்றாகப் படிக்கிறேன். எங்கள் ஊரில் மழை பெய்தது. உங்களுக்காகப் பிரார்த்திக்கிறேன்." ஐம்பது கடிதம் பார்த்தால் ஐம்பதிலும் இதேதான். பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. பணம் கேட்கக் கூடாது, சோகமாக எழுதக் கூடாது, வீட்டுச் சண்டையை எழுதவே கூடாது என்று அவர்களுக்குச் சொல்லித்தான் பேப்பரும் பேனாவும் கொடுப்போம். அப்புறம் அதில் என்னதான் மிஞ்சும்?

அந்த நாட்களில்தான் ஜீன் வெப்ஸ்டரின் 'டாடி லாங் லெக்ஸ்' நாவலை முதல் தடவை படித்தேன். அப்போது ஜாலியான காதல் கதையாகத்தான் தெரிந்தது. போன மாதம் திரும்ப எடுத்துப் படித்தபோது வேறொரு புத்தகமாக இருந்தது. அதைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு. கதையின் முடிவையும் சொல்லப்போகிறேன், படிக்காதவர்கள் மன்னிக்கவும்.

1912இல் வந்த அமெரிக்க நாவல். கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: ஜான் கிரியர் ஹோம் என்ற அனாதை இல்லத்தில் வளர்ந்தவள் ஜெருஷா ஆபட். குடும்பப் பெயரை இல்லத்தின் தலைமை அம்மாள் டெலிபோன் புத்தகத்தின் முதல் பக்கத்திலிருந்து எடுத்தாள், முதல் பெயரை ஒரு கல்லறையிலிருந்து. அந்த இல்லத்தையே கிண்டலடித்து அவள் எழுதிய ஒரு கட்டுரை டிரஸ்டிகளில் ஒருவருக்குப் பிடித்துப்போகிறது. எழுத்தாளராக்குகிறேன் என்று கல்லூரிக்கு அனுப்புகிறார். படிப்புச் செலவு அவருடையது, கைச்செலவுக்கு மாதம் 35 டாலர். தன் பெயரைச் சொல்ல மாட்டார், 'ஜான் ஸ்மித்' என்று வைத்துக்கொள்ளச் சொல்கிறார். அவள் பார்த்தது சுவரில் விழுந்த நீளக்கால் நிழலை மட்டும்தான்.

பதிலுக்கு அவள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. மாதம் ஒரு கடிதம். படிப்பு எப்படிப் போகிறது, அன்றாடம் என்ன நடக்கிறது என்று, அப்பா அம்மா இருந்திருந்தால் எப்படி எழுதுவாளோ அப்படி. பணத்துக்கு நன்றி சொல்லக் கூடாது. அவரிடமிருந்து பதில் வராது. கடிதம் எழுதினால் எழுத்துத் திறமை வளரும் என்பது அவர் சொல்லும் காரணம்.

முதல் அத்தியாயம் தவிர முழு நாவலும் இந்தக் கடிதங்கள்தான். அதாவது நாம் படிப்பது ஒரு மாணவி தன் ஃபீஸுக்குக் கட்டிய தவணைகளை. முதல் வாசிப்பில் இது எனக்கு உறைக்கவே இல்லை.

வெப்ஸ்டர் இந்த ஏற்பாட்டை எவ்வளவு நுணுக்கமாகக் கவனித்திருக்கிறார் என்பது இப்போதுதான் தெரிகிறது. அவர் வாஸர் கல்லூரியில் 1901இல் பட்டம் பெற்றவர். படிக்கும்போதே பாடத்தின் பகுதியாக ஆதரவற்ற பிள்ளைகளின் இல்லங்களைப் போய்ப் பார்த்தவர். மார்க் ட்வெய்னின் அக்கா பேத்தி என்பதால் கிண்டல் ரத்தத்திலேயே இருந்தது என்று சொல்வார்கள். எனக்கு அந்தக் கிண்டலைவிட அவர் மானத்தைக் கவனித்த விதம்தான் பெரிசாகத் தெரிகிறது. ஒரு இடம்: தர்மப் பெட்டியில் வந்த பழைய உடுப்பைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போன நாட்களை ஜூடி (கல்லூரிக்கு வந்ததும் தனக்குத் தானே வைத்துக்கொண்ட பெயர்) நினைத்துப் பார்க்கிறாள். அந்த உடுப்பை முதலில் போட்டிருந்தவள் பக்கத்து பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பாளோ என்ற பயம். இலவசமாக வாங்கிப் போட்டுப் பழகியவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை.

கடிதங்களில் பணம் எப்படி வருகிறது என்று தனியாகக் குறித்துக்கொண்டே படித்தேன். முதல் கிறிஸ்துமஸுக்கு அவர் அனுப்பும் தங்கக் காசுகளைச் சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறாள். அப்புறம் ஒரு சமயம் 50 டாலர் செக் வருகிறது. திருப்பி அனுப்பிவிடுகிறாள். தனக்கு வேண்டிய தொப்பியைத் தன் 35 டாலரிலேயே வாங்கிக்கொள்ள முடியும் என்கிறாள். ஆங்கிலத்தில் சிறப்பாகச் செய்ததற்காகக் கல்லூரியே இரண்டு வருஷத்துக்கு உதவித்தொகை தருகிறது. ஸ்மித் வேண்டாம் என்கிறார். இவள் விடுவதாக இல்லை. நான் இதை வாங்கினால் வேறொருத்தியின் படிப்பு போய்விடும் என்று கவலையா, அப்படியானால் எனக்குச் செலவழிக்க இருந்த பணத்தில் அந்த இல்லத்திலிருந்து இன்னொரு பெண்ணைப் படிக்க வையுங்கள் என்கிறாள். ஐரோப்பாவுக்கு அனுப்புகிறேன் என்கிறார். போகவில்லை, கோடை விடுமுறையில் டியூஷன் எடுக்கப் போகிறாள். கடைசியில் முதல் நாவல் விற்று வந்த காசில் 1000 டாலர் செக் எழுதி, கடனில் ஒரு பகுதி என்று அனுப்புகிறாள்.

இதெல்லாம் நன்றி கெட்டதனமா? எனக்கு நேர் எதிராகத் தோன்றுகிறது. ஒப்பந்தத்தில் எழுதின பணத்தை நிமிர்ந்து வாங்கிக்கொள்கிறாள். அதற்கு மேல் வருவதில்தான் கூச்சப்படுகிறாள். ஏனென்றால் அதற்கு என்ன விலை என்று யாரும் சொல்லவில்லை. உடம்பு சரியில்லாமல் கிடக்கும்போது அவர் அனுப்பும் ரோஜாப்பூவுக்கு மட்டும் அழுதுவிடுகிறாள். அது படிக்கிற பெண்ணுக்கு வந்த தொகை இல்லை, காய்ச்சல்காரிக்கு வந்த பூ.

பதிலே வராத கடிதம் எழுத்தை என்ன செய்கிறது என்பது அடுத்த விஷயம். ஆரம்பக் கடிதங்களில், நீங்கள் வழுக்கையா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். பதில் கிடையாது. கேட்கிறவர் யார் என்று தெரியாததால், அவரே ஒருவரைக் கற்பனை பண்ணிக்கொண்டு பேச ஆரம்பிக்கிறாள். கணக்கிலும் லத்தீனிலும் ஃபெயிலானதைக்கூட மறைக்காமல் எழுதுகிறாள். எங்கள் ஆபீஸுக்கு வந்த கட்டுகளில் ஃபெயிலான ஒரு பிள்ளையைக்கூட நான் பார்த்ததில்லை. ஜூடிக்கு அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது? இல்லத்தைக் கிண்டல் செய்து எழுதியதற்காகத்தான் அவளுக்குப் பணமே கிடைத்தது. உண்மையை எழுதினால் தண்டனை இல்லை என்று முதல் நாளே தெரிந்துவிட்டது. எங்கள் பிள்ளைகளுக்கு அந்த உத்தரவாதத்தை யாரும் கொடுக்கவில்லை. நானும் கொடுக்கவில்லை.

சரி, இப்போது புத்தகத்தில் எனக்கு இடிக்கிற இடத்துக்கு வர்றேன்.

கடைசியில் தெரியவருகிறது, ஜான் ஸ்மித் என்பது ஜெர்விஸ் பெண்டில்டன், அவளுடைய வகுப்புத் தோழி ஜூலியாவின் சித்தப்பா. அவளுக்கு நன்றாகவே அறிமுகமானவர், நடுவில் வந்து வந்து போனவர், அவளைக் காதலிக்கிறவர். திருமணத்தில் கதை சுபம். படிக்கிறவர்களுக்கு அந்தத் திருப்பம் இனிப்பாக இருக்கலாம். ஆனால் கையில் பென்சிலோடு திரும்பப் படித்தால் நிலைமை வேறு. தோழி சாலியின் குடும்பம் கோடைக்குக் கூப்பிடுகிறது. சாலிக்கு ஜிம்மி என்று ஒரு அண்ணன் உண்டு. போகக் கூடாது, பண்ணை வீட்டுக்குப் போ என்று ஸ்மித்தின் செகரட்டரியிடமிருந்து உத்தரவு வருகிறது. காரணம் சொல்வதில்லை. ஐரோப்பா விஷயத்தில் ஒரே ஆள் இரண்டு வேஷத்தில் அழுத்தம் கொடுக்கிறார். ஸ்மித்தாகக் கடிதத்தில், ஜெர்விஸாக நேரில். அவளோ ஜெர்விஸைப் பற்றித் தன் மனசில் இருப்பதையெல்லாம் ஜெர்விஸுக்கே எழுதிக்கொண்டிருக்கிறாள், தெரியாமல்.

1912ஆம் வருஷத்து நாவலை இன்றைய அளவுகோலால் அளக்கலாமா என்று கேட்பீர்கள். நான் அளப்பது புத்தகமே வைத்திருக்கும் அளவுகோலால்தான். நாலு வருஷம் ஒவ்வொரு டாலருக்கும் கணக்கு வைத்த பெண்ணின் நோட்டுப் புத்தகத்தைக் கல்யாணம் வந்து மூடிவிடுகிறது. அந்த 1000 டாலருக்கு என்ன அர்த்தம் மிஞ்சுகிறது? கொடுக்கிறவர் தன்னை மறைத்துக்கொள்வது பெருந்தன்மை என்று முதல் பக்கம் சொன்னது. கடைசிப் பக்கத்தில் அதே மறைவு அவருக்கு லாபமாக முடிகிறது. வெப்ஸ்டர் இதைப் பார்த்தும் பார்க்காததுபோலக் கடந்துவிடுகிறார் என்பதுதான் என் குற்றச்சாட்டு.

பின்னால் வந்தவர்கள் பெரும்பாலும் அந்த இனிப்பைத்தான் எடுத்துக்கொண்டார்கள். 1955 ஹாலிவுட் படத்தில் ஃப்ரெட் அஸ்டேர் ஆடிப் பாடினார். 1984இல் ஐ.வி. சசி இதைத் தழுவி மலையாளத்தில் 'காணாமறயத்து' எடுத்தார், மம்மூட்டியும் ஷோபனாவும். ஜப்பானில் மட்டும் வேறு மாதிரி ஒரு வழி பிறந்தது. பெற்றோரை இழந்த மாணவர்களுக்கு உதவும் 'அஷினாகா' அமைப்பு, நாவலின் ஜப்பானியத் தலைப்பில் உள்ள 'நீளக்கால்' என்ற சொல்லையே தன் பெயராக வைத்திருக்கிறது. காதலை விட்டுவிட்டு நிழலை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

நமக்கு இந்தக் கேள்வி புதுசு இல்லை. புறநானூறு 208ஐ எடுத்துப் பாருங்கள். மலை கடந்து வந்த பெருஞ்சித்திரனாரைப் பார்க்காமலே அதியமான் பரிசை மட்டும் கொடுத்து அனுப்புகிறான். புலவர் வாங்கவில்லை. ஆளைப் பார்க்காமல் கொடுத்ததை வாங்கிக்கொண்டு போக நான் வியாபாரி இல்லை, என் தகுதி தெரிந்து கொடுத்தால் தினை அளவு போதும் என்கிறார். அவர் திருப்பி அனுப்பலாம், அடுத்த அரசனிடம் போகலாம். ஜூடிக்கு அடுத்த ஆள் இல்லை. எங்கள் பிள்ளைகளுக்கும் இல்லை. புலவரின் மானத்தைக் கொண்டாடுகிற நாம் இந்த வித்தியாசத்தை மறந்துவிடக் கூடாது.

கடைசியாக ஒன்று. அந்த வேலையில் இருந்தபோது எட்டாவது படிக்கும் ஒரு பெண், வழக்கமான நாலு வரிக்குக் கீழே இப்படி எழுதியிருந்தாள்: "நீங்கள் அனுப்பிய போட்டோவில் உங்கள் நாய் ஏன் சோகமாக இருக்கிறது?" சூப்பர்வைசர் அதை எடுத்துவிடச் சொன்னார், ஸ்பான்சர் மனசு சங்கடப்படுமாம். நான் எடுத்துவிட்டேன். அவள் எழுதியதிலேயே அந்த ஒரு வரிதான் கடிதம் என்று தெரிந்தும் எடுத்தேன். ஜூடியின் வழுக்கைக் கேள்வியைப் படிக்கும்போதெல்லாம் அந்த நாய்தான் ஞாபகத்துக்கு வருகிறது.