கொசுவலையும் காப்புரிமையும்

ஏழை நாடுகளின் அரசு மருத்துவமனைகளில் நோயாளியிடம் கட்டணம் வாங்க வேண்டும் என்று உலக வங்கி 1987இல் ஒரு கொள்கை அறிக்கையில் பரிந்துரைத்தது. கடனில் மூழ்கியிருந்த ஆப்பிரிக்க அரசுகள் மறுத்துப் பேசும் நிலையில் இல்லை. அதே ஆண்டு மாலி நாட்டின் பமாக்கோவில் கூடிய ஆப்பிரிக்க சுகாதார அமைச்சர்களும், மருந்து விற்ற காசில் கிராம நிலையங்களை நடத்தும் திட்டத்தை யுனிசெஃப் துணையோடு ஏற்றார்கள். இலவசமாக வந்ததை ஜனங்கள் மதிக்க மாட்டார்கள் என்பது அந்தக் காலத்து வாதங்களில் ஒன்று. கேட்பதற்கு நியாயமாக இருந்ததால் அது வெகுகாலம் ஓடியது.

அந்த வாதத்தைக் கறாராகச் சோதித்தவர்கள் பொருளியலாளர்கள் ஜெசிகா கோஹனும் பாஸ்கலின் டுபாவும். மேற்குக் கென்யாவில் கர்ப்பிணிகள் வரும் மருத்துவ நிலையங்களுக்குச் சீட்டுப்போட்டு, சிலவற்றில் கொசுவலையை இலவசமாகவும் மற்றவற்றில் வெவ்வேறு விலைக்கும் கொடுத்தார்கள். விலை சுழியத்திலிருந்து 0.60 டாலராக ஏறியதும் வலை வாங்குவோர் பங்கு 60 சதவீதப் புள்ளி சரிந்தது. இலவசமாகப் பெற்றவர்கள் அதைக் கட்டாமல் மூலையில் போட்டார்கள் என்பதற்கோ சான்று கிடைக்கவில்லை. 2010இல் வெளிவந்த இந்தக் கட்டுரையால் கட்டணக் கட்சி பலமிழந்தது. இவ்வகைக் களச்சோதனைகளை வளர்த்தெடுத்த அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரமர் மூவருக்கும் 2019இல் பொருளியல் நோபல் கிடைத்தது.

இந்த ஆய்வுகள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஒரு குறையும் உண்டு. மருத்துவ நிலையங்களுக்குச் சீட்டுப்போடலாம், ஒரு நாட்டின் காப்புரிமைச் சட்டத்துக்கோ கடன் நிபந்தனைக்கோ போட முடியாது. எது சோதனைக்கு வசப்படுகிறதோ அதைப் பற்றியே இத்துறை துல்லியமாகப் பேசுகிறது. ஆனால் நோயாளியின் பையிலிருந்து பெரும் பணத்தைப் பிடுங்குவது பெரும்பாலும் மற்றதுதான்.

உகாண்டாவைப் பாருங்கள். தேர்தல் சூட்டில், 2001இல், அரசு நிலையங்களில் கட்டணத்தையே அந்நாடு எடுத்துவிட்டது. ஏழைகள் கூடுதலாக வந்தார்கள். உலக சுகாதார நிறுவனத்தார் பங்குகொண்ட 2006ஆம் ஆண்டு ஆய்வு இதைப் பதிவுசெய்கிறது. கூடவே இன்னொன்றையும் சொல்கிறது: மருத்துவச் செலவால் நொடித்துப்போகும் ஏழைக் குடும்பங்களின் விகிதம் குறையவே இல்லை. அரசு நிலையத்தில் மருந்து தீர்ந்துபோக, மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு தனியார் கடைக்கு ஓடியிருப்பார்கள் என்பதே அவர்கள் தரும் விளக்கம். அந்தக் கடையில் மருந்து என்ன விலை என்பது சுகாதாரத் துறையின் கையில் மட்டும் இல்லை. அது வர்த்தக ஒப்பந்தங்கள் வரை போகும் விஷயம்.

அந்த ஒப்பந்தங்களைப் பற்றி இருப்பவை வேறு வகை ஆய்வுகள். மருந்துப் பொருளுக்கே காப்புரிமை தரும் வழக்கத்தை இந்தியா 1970 சட்டத்தில் விட்டொழித்திருந்தது. உலக வர்த்தக அமைப்பின் டிரிப்ஸ் ஒப்பந்தத்தின்படி 2005இல் அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டியதாயிற்று. சுபம் சௌத்ரி, பினலோபி கோல்ட்பெர்க், பன்லே ஜியா மூவரும் சிப்ரோஃப்ளாக்சசின் வகை மருந்துகளின் இந்தியச் சந்தையை எடுத்துக்கொண்டு, உள்நாட்டுத் தயாரிப்புகள் மறைந்தால் என்ன ஆகும் என்று கணக்கிட்டார்கள். இந்தியாவுக்கு ஆண்டுக்குச் சுமார் 30.5 கோடி டாலர் இழப்பு. வெளிநாட்டு நிறுவனங்களுக்குக் கூடுதல் லாபம் 2 கோடியைக்கூட எட்டவில்லை. கொடுத்தவன் இழந்ததில் சிறு பங்கு மட்டுமே வாங்கியவனுக்குச் சேரும் பேரம்.

நடந்ததை வைத்து மார்க் டக்கனும் சகாக்களும் 2016இல் அளந்தபோது, காப்புரிமை பெற்ற மருந்தின் விலை சராசரியாக 3 முதல் 6 சதவீதமே ஏறியிருந்தது. முதல் கணக்கு மிகையென்று இதைக் கொண்டாடியவர்கள் உண்டு. நான் அப்படி வாசிக்கவில்லை. இடைப்பட்ட காலத்தில் அரசியல் சும்மா இருக்கவில்லை. பழைய மருந்தைச் சற்றே மாற்றிப் புதுக் காப்புரிமை கேட்பதைத் தடுக்கும் 3(டி) பிரிவு சட்டத்தில் ஏறியது. நோவார்ட்டிஸின் புற்றுநோய் மருந்தான கிளிவெக் அந்தப் பிரிவில் சிக்கி, சென்னைக் காப்புரிமை அலுவலகத்திலும் மதராஸ் உயர் நீதிமன்றத்திலும் தோற்று, 2013இல் உச்ச நீதிமன்றத்திலும் தோற்றது. மாதம் 2.8 லட்சம் ரூபாய் விலையிருந்த பேயரின் நெக்சவார் மருந்தின் உள்நாட்டு வடிவத்தை, காப்புரிமையாளரின் சம்மதமின்றித் தயாரிக்க அனுமதிக்கும் கட்டாய உரிமம் 2012இல் 8,800 ரூபாய்க்குக் கொண்டுவந்தது. இந்தச் சண்டைகள் இல்லாத நாட்டில் அதே ஒப்பந்தம் என்ன செய்திருக்கும் என்பதை அந்தச் சராசரி சொல்லாது.

1970 சட்டத்தின் பலன் நாட்டுக்கு வெளியேதான் பெரிதாகத் தெரிந்தது. நோயாளி ஒருவருக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் ஆன எச்.ஐ.வி. கூட்டு மருந்தை 350 டாலருக்குத் தருவதாக இந்திய மருந்து நிறுவனமான சிப்லாவின் யூசுஃப் ஹமீத் 2001இல் அறிவித்தார். அடுத்த ஆண்டு எய்ட்ஸ், காசநோய், மலேரியாவுக்கு எதிரான உலக நிதியம் தொடங்கியது, அதற்கடுத்த ஆண்டு அமெரிக்காவின் எய்ட்ஸ் உதவித் திட்டமான பெப்ஃபார். விலை விழாமல் இருந்திருந்தால் அந்தப் பணம் எத்தனை பேருக்குக் காணும்? உதவி நிதியை ஆராய்கிறவர்கள் காப்புரிமை ஆய்வுகளை அரிதாகவே புரட்டுகிறார்கள்.

உதவி நிதி ஆய்வாளர்களின் சொந்தச் சர்ச்சை வேறு. அரசுக்கு வரும் ஒவ்வொரு டாலர் சுகாதார உதவிக்கும், அரசு தன் கையிலிருந்து போடுவதில் 0.43 முதல் 1.14 டாலர் வரை குறைத்துக்கொள்கிறது என்று கிறிஸ்டஃபர் மர்ரே குழு 2010இல் லான்செட் இதழில் எழுதியது. தரவே நம்பத்தக்கதல்ல என்று மறுத்தவர்களின் வாதம் எனக்குச் சரியாகவே படுகிறது. 2025இல் அமெரிக்கா உதவியைத் திடீரென நிறுத்தியதும் கேள்வி தலைகீழாகிவிட்டது: உதவி வந்தபோது தங்கள் பணத்தை எடுத்த அரசுகள், உதவி போனதும் அதைத் திரும்பப் போடுமா? கடன் வட்டிக்கே வருவாயில் பெரும்பகுதி போகும் நாடுகளில் எதிலிருந்து போடும்?