போர்ன்வில்: சாக்லேட் கம்பெனி ஊரா?

பர்மிங்காமின் போர்ன்வில்லைப் பற்றி எழுதுறவங்க பலரும் "கேட்பரி தன் தொழிலாளர்களுக்குக் கட்டிய ஊர்" என்று முடித்துவிடுகிறார்கள். இது பாதி உண்மைதான். ஜார்ஜ் கேட்பரி 1895ல் கட்ட ஆரம்பித்தபோதே வெளியாட்களுக்கும் வீடு கொடுத்தார். தோட்டத்தில் பழமரம் உண்டு; மதுக்கடை கிடையாது. அவர் குவேக்கர். இந்தக் கண்டிப்பைத் தாராளமா விமர்சிக்கலாம். ஆனா முதலில் 999 வருடக் குத்தகைக்கு விற்ற வீடுகளைச் சிலர் லாபத்துக்குக் கைமாற்றியதும் என்ன செய்தார் பாருங்க: 1900ல் 313 வீடுகள், 330 ஏக்கர், எல்லாவற்றையும் தனி அறக்கட்டளைக்கு எழுதிவைத்தார். கம்பெனிக்கு அதில் உரிமை இல்லை. 2010ல் கிராஃப்ட் கேட்பரியை வாங்கியபோது தொழிற்சாலை கைமாறியது. ஊர் அறக்கட்டளையிடமே இருந்தது. வீடுகளின் அழகைவிட இந்தப் பத்திரத்தைத்தான் நான் பெரிய சாதனையாகச் சொல்வேன்.