தைத்தவர்களின் பக்கம்

1947 பிப்ரவரி 12 அன்று பாரிஸில் கிறிஸ்டியன் டியோர் தன் முதல் ஆடைத் தொகுப்பை அரங்கேற்றினார். இறுகிய இடுப்பு, மீட்டர் மீட்டராகத் துணி விழுங்கும் பாவாடை. அதே நாளில் லண்டன்காரிக்கு ஒரு கோட் வாங்கவும் கூப்பன் வேண்டும். 1941-ல் வந்த துணி ரேஷன் 1949-ல்தான் போனது. இந்த ஏக்கத்திலிருந்து வரலாற்று நாவலில் ஒரு தனி வகையே கிளைத்திருக்கிறது: போரில் எல்லாம் இழந்த பெண், ஓர் உடை, ஒரு தோழி, மறுபடி ஒரு வாழ்க்கை. அட்டையில் முதுகு காட்டி நிற்கும் பெண்ணைப் பார்த்தாலே பாதிக் கதையை ஊகித்துவிடலாம். மீதியைத் தீர்மானிப்பது, ஆசிரியர் உடுத்துபவள் பக்கம் உட்கார்ந்திருக்கிறாரா, தைப்பவள் பக்கமா என்பதுதான்.

பால் காலிகோவின் மிசஸ் ஹாரிஸ் உடுத்த ஆசைப்பட்டவள். 1958-ல் அந்த நாவல் வந்தபோது அது சமகாலக் கதை. இன்று வரலாறாகப் படிக்கிறோம். வீடு வீடாகப் பெருக்கித் துடைத்துப் பணம் சேர்த்து, பாரிஸ் போய் 450 பவுண்டுக்கு டியோர் கவுன் வாங்கி வருகிறாள். ஓர் இளம் நடிகைக்கு இரவல் கொடுக்க, கவுன் கருகித் திரும்புகிறது. நாவலில் அவளுக்கு மிஞ்சுவது பாரிஸ் நண்பர்கள் அனுப்பிய பூக்கள். 2022-ல் வந்த படமோ வேறொரு கவுனையே அனுப்பிவைத்துவிட்டது. போன பொருளுக்குப் பதில் பொருள்! காலிகோவின் துணிச்சல் படத்துக்கு இல்லை.

தைப்பவள் பக்கம் வந்தால் கதை இன்னும் சூடுபிடிக்கிறது. மரியா துவேன்யாஸின் 2009 ஸ்பானிய நாவலில், மாட்ரிட் தையற்கூடத்தில் வளர்ந்த சீராவை அவள் காதலன் பணத்தையும் நகையையும் சுருட்டிக்கொண்டு மொரோக்கோவில் கைவிட்டுப் போகிறான். கடனோடு தெதுவானில் ஒதுங்கியவளுக்கு இடம் தருபவள் கள்ளச்சரக்கு விற்கும் காந்தெலாரியா. தையற்கூடம் வைக்க முதல்? இருவரும் சேர்ந்து துப்பாக்கிகளை விற்கிறார்கள். பிறகு வாடிக்கையாளராக வருகிறார் ரோசலிண்ட் ஃபாக்ஸ், வரலாற்றில் வாழ்ந்தவர். விருந்துக்கு உடனே உடை வேண்டும், நேரமோ இல்லை. நுண்மடிப்புக்குப் பெயர்போன ஃபோர்துனியின் 'டெல்ஃபோஸ்' உடையை, பட்டை நனைத்து முறுக்கிப் போலியாகச் செய்து தருகிறாள் சீரா. அவர்களுடைய நட்பு அந்த ஈரப்பட்டில் தொடங்குகிறது. பின்பாதியில் அவள் பிரிட்டனுக்கு உளவு சொல்கிறாள். வெட்டுத் தாள்களில் தையல் குறிபோல மோர்ஸ் கோடுகள். சாமர்த்தியம்தான். ஆனாலும் தெதுவான் பகுதியின் உயிர் அதில் இல்லை.

ஜெனிஃபர் ராப்சனின் 'தி கவுன்', எலிசபெத் இளவரசியின் 1947 நவம்பர் கல்யாண உடைக்குப் பூவேலை செய்தவர்களைப் பற்றியது. பத்தாயிரம் முத்துகள் பதித்த உடை அது. நார்மன் ஹார்ட்னெலின் பட்டறையில், ஒரே எம்பிராய்டரி சட்டத்தின் முன் உட்காருகிறார்கள் ஆன் என்ற பூவேலைக்காரியும், நாஜி முகாமிலிருந்து மீண்டு வந்த பிரெஞ்சு யூதப் பெண் மிரியமும். பேச்சு குறைவு. ஒருத்தி இழுத்த இழையை மற்றவள் தொடர்கிறாள். கை வேறென்று தெரியக்கூடாது என்பது தொழிலின் விதி. இந்தக் கட்டாயத்தையே நட்பின் இலக்கணமாக்கியது ராப்சனின் வெற்றி. ஆனின் பேத்தி டொரான்டோவிலிருந்து துப்பறிந்து வரும் இன்றைய கதை எனக்குத் தேவையற்ற ஒட்டுத்துணி.

மேடலின் செயின்ட் ஜானின் 'தி விமன் இன் பிளாக்' (1993) சிட்னி ஜவுளிமாளிகையின் விற்பனைப் பெண்களைப் பற்றிய சிறிய, குறும்பான நாவல். தவறவிடக் கூடாதது.

கடினமான இடம் லூசி ஆட்லிங்டனுடையது. ஆஷ்விட்ஸ் முகாமில், தளபதி ருடால்ஃப் ஹெஸ்ஸின் மனைவி ஹெட்விக், கைதிப் பெண்களை வைத்து உயர்ரகத் தையற்கூடம் நடத்தினாள். அதை வைத்து 'தி ரெட் ரிப்பன்' (2017) எழுதியபோது ஆசிரியருக்குக் கிடைத்த தகவல் சொற்பம். நாவல் வந்தபின் அந்தப் பெண்களின் குடும்பத்தார் அவரைத் தொடர்புகொண்டார்கள்; 2021-ல் உண்மை வரலாறு தனி நூலானது. அங்கே துணி வெட்டும் பொறுப்பில் இருந்த மார்த்தா ஃபுக்ஸ், உறவுகளையும் தோழிகளையும் ஒவ்வொருவராகத் தையற்கூடத்துக்குள் இழுத்துச் சேர்த்தார். ஊசி பிடித்தால் உயிர் தங்கும். மறுவாய்ப்பு என்பதை இங்கே ஒரு பெண் இன்னொரு பெண்ணுக்கு ஆள்சேர்ப்பாகவே வாங்கித் தருகிறாள். நாவல் முகாமை 'பிர்ச்வுட்' என்று மறைத்துப் பேசுகிறது. இளையோருக்கு எழுதியது என்பதால் புரிந்துகொள்ளலாம். எனினும் இரண்டில் ஒன்றைத்தான் படிக்க நேரமுண்டு என்பவருக்கு நான் வரலாற்றையே எடுத்துத் தருவேன்.