உரமிடாத பாத்தி எங்கே?

மக்காச்சோளச் சாகுபடி பற்றிய விளக்கக் கையேடுகள் பலவற்றில் ஒரு பொதுக் குறை உண்டு. இவ்வளவு உரமிட்டால் இத்தனை டன் விளையும் என்று எழுதுகின்றன. உரமே இடாத பாத்தியில் என்ன விளைந்தது என்று கூறுவதில்லை. உரமிட்ட வயலில் எக்டேருக்கு 6 டன் விளைந்ததாகக் கொள்வோம். உரமின்றியே அங்கு 4.5 டன் விளையுமாயின், உரத்தின் பங்கு 1.5 டன் மட்டுமே. எஞ்சியது மண்ணின் கொடை. வளமான மண்ணில் இக்கணக்குத் தவறினால் மண்ணுக்குரிய புகழ் மூட்டைக்குப் போய்விடும். செலவு மட்டும் உழவர் தலையில் விழும்.

காஞ்சிபுரத்திற்கு மேற்கேயுள்ள தாமலை எடுத்துக்கொள்வோம். அவ்வூர்ப் பெரிய ஏரியின் பாசனத்தில் நெல்லே முதற்பயிர். ஏரி வண்டல் அடித்த வயலில் ஒருவர் மக்காச்சோளம் போட எண்ணினால், அவர் கைக்குக் கிடைப்பது வீரிய ஒட்டு இரகங்களுக்கான பொதுப் பரிந்துரைதான்: எக்டேருக்குத் தழைச்சத்து 250, மணிச்சத்து 75, சாம்பல்சத்து 75 கிலோ. தழைச்சத்தை யூரியாவாகவே இட்டால் ஏறத்தாழ 543 கிலோ. 45 கிலோ மூட்டையில் பன்னிரண்டு. இதனுடன் 12.5 டன் தொழுவுரம் வேறு. அதில் நூற்றுக்கு அரைப்பங்கு தழைச்சத்து என்று கொண்டாலும் 62.5 கிலோ ஆகிறது. நுண்ணுயிர்கள் எருவை மெல்லச் சிதைப்பதால் அவ்வளவும் முதற்பயிருக்குக் கிட்டாது. ஆயினும் கிட்டும் பகுதியையேனும் யூரியாவில் கழிக்கச் சொல்ல வேண்டாமா? வண்டலின் களிமண்ணும் மட்கும் சத்துகளைப் பிடித்து வைப்பவை. அவையும் இக்கணக்கில் வருவதில்லை.

"மண் ஆய்வின்படி இடுக" என்ற வரி கையேட்டில் இருக்கிறதே எனலாம். இருக்கிறது. ஆனால் ஆய்வு செய்யாதவர்க்கென்று அடுத்து வரும் எண்களே வயலை அடைகின்றன.

வளமான மண்ணில் உரம் வீண் என்ற எதிர்வாதமும் ஏற்கத்தக்கதன்று. கோவையில் 1909இல் நிரந்தர உரச் சோதனை வயல் தொடங்கப்பட்டது. விளைச்சல் உச்சத்தை நெருங்க நெருங்க, கூடுதல் உரம் தரும் பயன் குறையும் என்று ஜெர்மனியில் மிட்செர்லிக் எழுதியதும் அவ்வாண்டில்தான். 1972இல் கோவையிலேயே கேழ்வரகும் மக்காச்சோளமும் மாறிமாறிப் பயிராகும் நீண்டகாலச் சோதனை ஒன்றும் தொடங்கியது. அங்குத் தழைச்சத்து மட்டும் பெற்ற பாத்திகள் மணிச்சத்துக்கு ஏங்கி விளைச்சலில் பின்தங்கின. மூன்று சத்துகளோடு தொழுவுரமும் பெற்றவை முன்னணியில் நின்றன.

சாம்பல்சத்தின் கதை வேறு. அம்மண்ணில் அது இயற்கையிலேயே மிகுதியாதலால், இடாத பாத்திகளிலும் நெடுங்காலம் பெரிய இழப்புத் தெரியவில்லை. ஆகவே சாம்பல்சத்து வேண்டியதில்லை என்று முடிவு கட்டுவோர், தட்டையை மறந்துவிடுகின்றனர். மக்காச்சோளம் உறிஞ்சும் சாம்பல்சத்தில் பெரும்பகுதி தட்டையில் தங்குகிறது. நாமோ தட்டையை அறுத்து மாட்டுக்குப் போடுகிறோம். சாணம் அதே வயலுக்குத் திரும்பாவிடில் மண்ணின் முதல் ஆண்டுதோறும் கரையும். ஓரிரு பருவச் சோதனையில் இது தென்படாது.

மண் தரும் பங்கு, உரம் தரும் பங்கு ஆகியவற்றைத் தனித்தனியே கணக்கிட்டு, விரும்பும் விளைச்சலுக்கு உர அளவைக் காணும் முறையை இராமமூர்த்தியும் உடன் ஆய்வாளர்களும் 1967இலேயே வகுத்தனர். மக்காச்சோளத்திற்கும் அம்முறைச் சமன்பாடுகள் வந்துவிட்டன. கையேட்டை அடுத்து அச்சிடும்போது வண்ணப் படம் ஒன்றைக் குறைத்து, உரமிடாத பாத்தியின் விளைச்சலை மண்வாரியாகத் தரும் அட்டவணை ஒன்றைச் சேர்க்கலாம், அரைப்பக்கம் போதும்.