தோட்டத்துக்கு வராத நகைச்சுவை

1934இல் இரண்டு பிரித்தானியப் படங்கள் வெளிவந்தன. ஒன்று, பேசில் டீன் இயக்கிய 'சிங் ஆஸ் வீ கோ'. கதை ஜே. பி. பிரீஸ்ட்லி. லங்காஷயர் பருத்தி ஆலை ஒன்றை மூடிவிடுகிறார்கள். வேலை போன கிரேஸ் சைக்கிளேறி பிளாக்பூல் கடற்கரைக்குப் போகிறாள். தங்குவிடுதிப் பணிப்பெண், குறிசொல்பவளுக்கு எடுபிடி, மாயவித்தைக்காரன் மறைய வைக்கும் பெண் என்று அகப்பட்ட வேலையெல்லாம் பார்க்கிறாள். நடித்த கிரேசி ஃபீல்ட்ஸ் அதே லங்காஷயரின் ரோச்டேல்காரி. சிறுவயதில் தானும் ஆலைக்குப் போனவர். ஊர்ப்பேச்சைத் திரைக்காக மாற்றிக்கொள்ளவில்லை. கடைசியில் ஆலை திறக்கிறது, பாடிக்கொண்டே உள்ளே போகிறார்கள். இந்தச் சமாதான முடிவு எனக்கு உவப்பில்லை. ஆனால் அதுவரை சிரிப்பு அவளுடையது. யாருடைய இரக்கத்துக்கும் அவள் காத்திருக்கவில்லை.

மற்றது பேசில் ரைட்டின் 'சாங் ஆஃப் சிலோன்'. தேயிலைப் பிரசார சபையின் பணத்தில் எடுத்த ஆவணப்படம். சிவனொளிபாத மலை யாத்திரிகர்கள் அதில் வருகிறார்கள். அந்த மலையடிவாரத்துத் தேயிலை ஊர்தான் மஸ்கெலியா. பின்னணியில் லயனல் வென்ட்டின் குரல், ரொபர்ட் நொக்ஸின் 17ஆம் நூற்றாண்டு எழுத்து. 1935இல் பிரசல்ஸில் பரிசும் பெற்றது. அழகான படம்தான். ஆனால் லங்காஷயர் ஆலைக்காரி குடிக்கும் தேநீரை விற்பதற்காக எடுத்த படத்தில், கொழுந்து பறித்தவளுக்கு ஒரு வசனம்கூட இல்லை.

பிரித்தானியத் தொழிலாளர் நகைச்சுவை வெறும் ரசனையால் வளர்ந்ததல்ல. ஹாலிவுட் வெள்ளத்துக்கு அணைபோட 1927இல் வந்த சட்டம், திரையரங்குகள் குறிப்பிட்ட பங்கு உள்நாட்டுப் படங்களைக் காட்ட வேண்டும் என்றது. அந்த நிழலில் மலிவுப் படங்கள் குவிந்தன. மான்செஸ்டர் நிறுவனம் ஒன்றுக்காக ஜார்ஜ் ஃபார்ம்பி நடித்த 'ஆஃப் த டோல்' (1935) வேலையில்லாதவனையே நாயகனாக்கியது.

இலங்கையிலும் இதே கணக்கு நடந்தது. 1972இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் வந்து இந்தியப் பட இறக்குமதி சுருங்கியதும் உள்ளூர்த் தமிழ்ப் படங்களுக்கு மூச்சு வந்தது. 1963இலேயே கிருஷ்ணகுமாரின் 'தோட்டக்காரி' வந்திருந்தாலும், தேயிலைத் தோட்டங்களின் மலையகம் அழுத்தமாகத் திரையேறியது 'புதிய காற்று' (1975) மூலம்தான். தெளிவத்தை ஜோசப் எழுத, தொழிற்சங்கத் தலைவர் வி. பி. கணேசன் தயாரித்து நடித்தார். 'நான் உங்கள் தோழன்', 'நாடு போற்ற வாழ்க' தொடர்ந்தன. சங்கத் தலைவர் எடுத்தால் தொழிலாளி வீரனாகத்தான் நிற்பான். மேடைக்குப் பழகிய கை அது.

சிரிப்பு வந்தது வேறு வாசல் வழியாக. வானொலியில் வெற்றிபெற்ற நாடகம் 1976இல் 'கோமாளிகள்' ஆனது. மரைக்காராக ராமதாஸ், அப்புக்குட்டியாக ராஜகோபால், உபாலியாக செல்வசேகரன்: முஸ்லிம் தமிழ், யாழ்ப்பாணத் தமிழ், சிங்களவர் பேசும் தமிழ் எல்லாம் கொண்டாடப்பட்டன. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பேச்சுக்கு அந்த முன்வரிசையில் இடமில்லை. சுமதி சிவமோகனின் 'இங்கிருந்து' (2013) மலையகத்தை நேர்மையாகப் பார்க்கிறது. ஆனால் அதன் சுருதி வேறு, நகைச்சுவையல்ல.

தோட்டத்தில் சிரிப்புக்குச் சரக்கில்லை என்று யாரும் சொல்ல முடியாது. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களத்தில் துரை நடப்பதை நடித்துக் காட்டும் பொடியன், அரைநாள் கூலிக்கான அரைப்பேர் போட்ட கணக்கப்பிள்ளைக்கு மலையில் விழும் பட்டப்பெயர், மழைநாள் கொழுந்தில் ஈரத்துக்கென்று கிலோ கழிக்கும்போது தராசடியில் வெடிக்கும் வாய்ச்சண்டை: பிரீஸ்ட்லி கையில் கிடைத்திருந்தால் முதல் காட்சியே தராசில்தான் தொடங்கியிருக்கும்.